சுவரில் இருந்த தகப்பன்

பிள்ளையைப் பாலர் பாடசாலையில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாலர் பாடசாலை பிள்ளைகளால் ஆனது அல்ல, பரிபாலன சபையால் ஆனது. பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து போய்விடுவார்கள். சபை வளர்வதும் இல்லை, போவதும் இல்லை. இந்த அடிப்படையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதாக விளங்கும்.

புளியங்கூடலில் அந்தக் காலத்தில் இருந்தது ஞானாங்குர பாலர் பாடசாலை. கிடுகு வேய்ந்த ஒரு மண்டபம். முன்பக்கத்தில் சபைக்குக் கதிரைகள், பின்பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பனையோலைப் பாய்கள். இரண்டுக்கும் நடுவே கண்ணாடி போட்ட ஓர் அலுமாரி. அதற்குள் கொழும்பிலிருந்து ஒரு தனவந்தர் அனுப்பிய கரடி, ரயில், பறை அடிக்கும் குரங்கு எல்லாம் இருந்தன. அலுமாரிப் பூட்டின் திறப்பு பொருளாளரின் இடுப்பில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் வரிசையாக நின்று விளையாட்டுப் பொருட்களைப் பார்க்கலாம். தொட்டால் கரடி பழுதாகும், பார்த்தால் ஆகாது. கண்ணாடியின் பயனே அதுதான்.

சேர வரும் பிள்ளை அழக்கூடாது. சப்பணம் கட்டி இருக்க வேண்டும். சிந்தாமல் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு தேவாரமாவது பிழையில்லாமல் பாட வேண்டும். அதாவது, பாடசாலையில் எதைப் படிப்பிக்கிறார்களோ அதைத் தெரிந்த பிள்ளைதான் அங்கே சேரலாம். கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். நிதானமாக யோசித்தால் நியாயம் தெரியும். தெரியாத பிள்ளையைச் சேர்த்தால் படிப்பிக்க வேண்டி வரும். படிப்பிப்பதற்கு ஆசிரியை சறோஜினிதேவி ஒருத்திதான் இருந்தாள். மேற்பார்வை செய்வதற்குத்தான் சபை முழுவதும் இருந்தது.

இந்த விதிகளுக்கு எல்லாம் மேலே ஒரு விதி உண்டு. நேர்முகப் பரீட்சைக்குத் தகப்பன் நேரில் வர வேண்டும். பிள்ளை அவரை அடையாளம் காட்ட வேண்டும். சபைத் தலைவர் அம்பலவாணர் இதைக் கொண்டுவந்தார். கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்து பென்சனுடன் ஊர் வந்தவர் அவர். பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்தில் பிள்ளை வளர்ப்பது பற்றி எழுதப்பட்ட புத்தகம் ஒன்றைப் படித்திருந்தார். அந்தத் தேசத்தில் தகப்பன் பொழுதுபட வீட்டுக்கு வந்து, கம்பளத்தில் படுத்துப் பிள்ளையோடு விளையாடுவானாம். தகப்பனைத் தெரியாத பிள்ளைக்கு முதிர்ச்சி போதாது என்று அந்தப் புத்தகம் சொன்னது. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் புளியங்கூடலின் தகப்பன்மாரில் பாதிப்பேர் பதுளையிலும் குருநாகலிலும் மாத்தறையிலும் கடை வைத்திருந்தார்கள். கோயில் கொடியேறினால் வருவார்கள், தேர் முடிந்தால் போவார்கள்.

வைத்திலிங்கம் பதுளையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். போன திருவிழாவுக்கு அவர் வரவில்லை. கூட்டாளி காய்ச்சல் வருத்தமாகக் கிடந்ததால் கடையை விட்டுவிட்டு வர முடியவில்லை. அவருடைய மனைவி இராசேஸ்வரி நெடுங்காலம் காத்திருந்த ஆசிரியை நியமனம் அந்தத் தை மாதம் வந்து சேர்ந்தது. ஊர்காவற்றுறைத் துறையைக் கடந்து காரைநகரில் ஒரு பாடசாலை. தைப்பூசம் கழிந்த திங்கட்கிழமை கடமை ஏற்க வேண்டும், இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். வீட்டில் பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் கிடையாது. ஆகவே மகளுக்கு ஞானாங்குரத்தில் இடம் கிடைத்தால் இராசேஸ்வரிக்கு வேலை உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை.

இராசேஸ்வரியின் தந்தி கண்டதும் வைத்திலிங்கம் ரயில் மாறி ரயில் ஏறி, யாழ்ப்பாணத்தில் பஸ் பிடித்து, பண்ணைப் பாலம் கடந்து, கையில் ஒரு தகரப் பிஸ்கட் பேணியுடன் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

மகள் மீனலோசனி தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அப்பா வந்திருக்கிறார், பாரம்மா," என்றாள் இராசேஸ்வரி.

பிள்ளை அவரைப் பார்க்கவில்லை, பேணியைப் பார்த்தது. பிறகு பேணியை வாங்கி, இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறாந்தையைக் கடந்து உள்ளே ஓடியது. அங்கே சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. வைத்திலிங்கம் கலியாணத்துக்கு முன் பதுளையில் எடுத்த படம். தலை நிறைய மயிர், கறுத்த மீசை, கழுத்தில் ஸ்டூடியோக்காரன் கொடுத்த டை, பின்னால் துணியில் வரைந்த நீர்வீழ்ச்சி. பிள்ளை அண்ணாந்து பார்த்துச் சொன்னது:

"அப்பா, ஆரோ ஒரு மாமா எனக்கு பிஸ்கட் கொண்டு வந்திருக்கிறார்."

வைத்திலிங்கம் தலையைத் தடவினார். படத்தில் இருந்ததில் பாதி அங்கே இல்லை. மீசையையும் போன வருசம் எடுத்துவிட்டார்.

"ஒவ்வொரு நாளும் விளக்கு வைச்சவுடனை அப்பாவுக்குக் கதை சொல்லு எண்டு நான்தான் பழக்கினனான்," என்றாள் இராசேஸ்வரி, மெல்ல. "உங்களை மறக்கக்கூடாது எண்டுதான்."

மறக்கவில்லை. பிள்ளையின் பேரில் எந்தப் பிழையும் இல்லை.

அடுத்த நாள் நேர்முகம். பெற்றோர் நீள மர வாங்கில் இருந்தார்கள். பிள்ளை நடுவில் பாயில் இருந்தது. அம்பலவாணர் எழுந்து, பெற்றோருக்கான வழக்கமான அறிவுரையை வழங்கினார்.

"பெற்றாரே, இந்தப் பாடசாலையைப் பிள்ளையளுக்காகத்தான் நாங்கள் நடத்திறம். ஆனால் பிள்ளையள் வந்து நிண்டு சத்தம் போடுறதாலை அதை ஒழுங்காய் நடத்தேலாமல் கிடக்கு. போன மாரியிலை வெள்ளம் நிண்டு ஒரு பிள்ளையும் வரேல்லை. அந்த நாளிலை பாடசாலை நடந்த சீர் இருக்கே, அதுக்கு முன்னமும் இல்லை, பின்னமும் இல்லை. சபை ரெண்டு தரம் கூடினது. ஆகையாலை பெற்றார் தங்கடை பிள்ளையளைப் பற்றி நினைக்கிறதை விட்டிட்டு, பாடசாலையைப் பற்றி நினைக்கப் பழகவேணும்."

மீனலோசனி சப்பணம் கட்டினாள். சிந்தாமல் தண்ணீர் குடித்தாள். தேவாரம் பாடினாள். அழவில்லை. சறோஜினிதேவி மூலையில் நின்று தலையை ஆட்டி ஆட்டிப் பிள்ளைக்குத் தைரியம் கொடுத்தாள்.

அம்பலவாணர் குனிந்து கேட்டார். "உன்ரை அப்பா எங்கை, பிள்ளை?"

"சுவரிலை."

"சுவரிலை என்ன செய்யிறார்?"

"சிரிச்சுக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை அம்மா அவருக்குப் பூ வைக்கிறவ."

செயலாளர் தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்பலவாணர் எழுந்து நின்றார். தலைவர் எழுந்தால் சபை எழும்; சபை எழுந்தால் வந்தவர்களும் எழ வேண்டும். கூட்டங்களின் அமைப்பு அப்படி. எல்லோரும் தலை குனிந்தார்கள். என்னவென்று புரியாமல் வைத்திலிங்கமும் எழுந்து தலை குனிந்தார். இவ்வாறாக அவர் தமக்குத் தாமே மௌன அஞ்சலி செலுத்தினார்.

பிறகு அனுதாபத் தீர்மானம். ஒருவர் பிரேரித்தார், இன்னொருவர் ஆமோதித்தார்.

"எதிர்ப்பு உண்டோ?" என்று கேட்டார் அம்பலவாணர்.

வைத்திலிங்கம் கையை உயர்த்தினார். "ஐயா, நான் உயிரோடை இருக்கிறன்."

"அது எதிர்ப்பில்லை. தகவல். தகவலைக் கூட்டத்தின்ரை கடைசியிலை, ஏனைய விடயங்களிலை எடுப்பம்," என்றார் அம்பலவாணர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். சபையில் இருந்தவர்களுக்கு வைத்திலிங்கத்தைத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அம்பலவாணர் அவருடைய கலியாணப் பந்தியில் முன்வரிசையில் இருந்து சாப்பிட்டவர். தில்லைநாதன் அவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். ஆனால் ஊரில் தெரிந்தது சபையில் தெரியாது. சபைக்குச் சாட்சி வேண்டும். இந்த விடயத்தில் விதிப்படி சாட்சி பிள்ளை மட்டுமே.

ஏனைய விடயங்கள் வந்தபோது சாட்சியை மறுபடியும் விசாரித்தார்கள்.

"இந்தா நிக்கிறவர் ஆர், பிள்ளை?"

மீனலோசனி அவரைக் கவனமாகப் பார்த்தாள். "பிஸ்கட் மாமா."

தில்லைநாதன் எழுந்து வந்து, நண்பனின் தோளில் கை வைத்து, விதியை விளக்கினார். விளக்குவதில் அவர் கெட்டிக்காரர்.

"அண்ணை, வடிவாய்க் கேளுங்கோ. நீங்கள் உயிரோடை இருக்கிறியள் எண்டால் பிள்ளைக்குத் தகப்பனைத் தெரியாது எண்டாகுது. இடம் இல்லை. நீங்கள் இல்லை எண்டால், தகப்பனில்லாத பிள்ளைக்கெண்டு ஒரு இடம் ஒதுக்கிக் கிடக்கு. பாடசாலை துவங்கின நாளிலையிருந்து அது வெறுமையாய்த்தான் கிடக்கு. ஊரிலை ஒரு தகப்பனும் அதுக்கு ஒத்துழைக்கேல்லை."

"பிள்ளை ஒண்டுதானே தில்லை?"

"பிள்ளை ஒண்டுதான். விதி ரெண்டு."

"அனுதாபத்தைத் திருப்பி எடுக்கேலாதோ?"

"விஜயதசமிக்குப் பொதுக்கூட்டம் இருக்கு. அங்கை ஒரு திருத்தப் பிரேரணை கொண்டுவரலாம்."

விஜயதசமி ஐப்பசியில் வரும். நியமனம் திங்கட்கிழமை.

அம்பலவாணருக்கு இரக்கம் வந்தது. "தம்பி, வெக்கப்படாதையும். நானும் முப்பது வருசம் கொழும்பிலை இருந்தனான். என்ரை பிள்ளையளும் என்னைக் கண்டு வளரேல்லை. ஆனால் என்ரை மூத்தவன் இண்டைக்கும் எனக்குக் கடிதம் எழுதினால் 'மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு' எண்டுதான் தொடங்குவான். அவ்வளவு மரியாதை. பக்கத்திலை இருந்து வளத்திருந்தால் அது வந்திருக்குமே? சரி, இப்ப சபைக்குச் சொல்லும். நீர் ஆர்?"

வைத்திலிங்கம் இராசேஸ்வரியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"மாமா," என்றார் வைத்திலிங்கம்.

இடம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பெற்றோர் நினைப்பதுண்டு. அப்படி இல்லை. இதற்குப் பிறகு வீட்டுப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. பிள்ளை சொன்னது உண்மைதானா என்று சபை நேரில் வந்து பார்க்கும். எதைப் பார்க்கப் போகிறது என்பதை முன்கூட்டியே வீட்டாருக்கு அறிவிப்பது செயலாளரின் கடமை. அப்போதுதான் பரிசோதனையில் பிழை வராது.

தில்லைநாதன் வந்து முற்றத்தில் நின்றார். "படத்துக்கு ஒரு மாலை வேணும். மாலையில்லாமல் அனுதாபம் எடுபடாது," என்றார். பிறகு இராசேஸ்வரியின் நெற்றியைப் பார்த்துச் செருமினார்.

"என்ன பாக்கிறியள் தில்லையண்ணை?"

"ஒண்டுமில்லைத் தங்கச்சி. சபை வரேக்கை… ஒரு மனுசி எப்பிடி இருக்கவேணுமோ, அப்பிடி…"

"புருசன் குசினியிலை இருந்து தேங்காய் துருவிற மனுசி எப்பிடி இருக்கவேணும் எண்டு சொல்லுங்கோ. அப்பிடியே இருக்கிறன்."

குசினிக்குள் துருவும் சத்தம் நின்றது. தில்லைநாதன் சைக்கிளை எடுத்தார்.

வைத்திலிங்கம் வெளியே வந்தார். கையெல்லாம் தேங்காய்ப்பூ. "இஞ்சேரும், ஒரு மாலைதானே," என்றார்.

"நான் உத்தியோகத்துக்குப் போகத்தான் இடம் கேட்டனான். உங்களைச் சாகச்சொல்லிக் கேட்கேல்லை."

"உத்தியோகம் வேணுமெல்லோ?"

வேண்டும்தான். வேண்டும் என்பதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவள் கிணற்றடிக்குப் போய், கழுவிய பானையையே திரும்பவும் கழுவினாள்.

அன்று பொழுதுபட விளக்கு வைத்ததும் மீனலோசனி வழக்கம்போலப் படத்துக்கு முன் போய் நின்றாள். வைத்திலிங்கம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"அப்பா, அந்த மாமா இன்னும் போகேல்லை. நல்ல மாமா. எனக்கு மீன் முள்ளு எடுத்துத் தந்தவர். ஆனால் குறட்டை விடுறார். நீங்கள் விடுறேல்லை."

தமக்கு ஒரு வருசமாகச் சொல்லப்பட்ட கதைகளில் அவர் நேரில் கேட்டது இது ஒன்றுதான். அதுவும் இன்னொருவருக்குச் சொன்னது.

பரிசோதனை நாள் வந்தது. இராசேஸ்வரி மாலையைத் தொட மறுத்துவிட்டாள். படம் உயரத்தில் இருந்தது. வேறு ஆளும் இல்லை. ஆகவே வைத்திலிங்கம் முக்காலியில் ஏறி நின்று, தம்முடைய படத்துக்குத் தாமே செவ்வரத்தம்பூ மாலை போட்டார். மாலை ஒரு பக்கம் சரிந்தது. கீழே நின்ற மீனலோசனி, "மாமா, அப்பாவுக்குக் கோணலாய்க் கிடக்கு," என்றாள். அவர் நேராக்கினார்.

சபை வந்தது. இராசேஸ்வரி வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு வைத்திருந்தாள். சபை அவளுடைய காதைப் பார்த்தது, தோளைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது. நெற்றியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதுபற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்திருக்கும்.

வைத்திலிங்கம் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். சீனி கூப்பனுக்கு மட்டும் அளந்து கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. அம்பலவாணர் தட்டத்தைப் பார்த்துவிட்டு, "பனங்கட்டித் துண்டொண்டு இருந்தால் கொண்டு வாருமன் மாமா," என்றார். பிறகு படத்தின் பக்கம் திரும்பி, கைகளைக் கட்டிக்கொண்டு பேசினார்.

"வைத்திலிங்கத்தார் எப்பிடிப்பட்ட மனுசன்! நிறுவையிலை ஒருநாளும் கைவைக்காதவர். கோயில் மடத்துக்குக் கேட்டவுடனை தந்தவர். இப்பிடியான ஆக்கள் இருக்கேக்கை நாங்கள் அவையின்ரை அருமையை உணருறேல்லை."

வைத்திலிங்கம் பனங்கட்டித் தட்டோடு வாசலில் நின்றார். ஊரில் எவரும் அவரைப் பற்றி அதற்கு முன் இப்படிச் சொன்னதில்லை. நிறுவையில் கைவைக்காதது உண்மை. அதை ஒருவர் கவனித்திருக்கிறாரே என்று நினைத்ததும், அடக்க முடியாமல், அவருடைய உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஏறும் சிரிப்பு. பதுளை ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் இருந்த அதே சிரிப்பு.

அதைச் சபை கவனிக்கவில்லை. மீனலோசனி கவனித்தாள். படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். அன்று பொழுதுபட விளக்கு வைத்தபோது அவள் படத்துக்குக் கதை சொல்லப் போகவில்லை. பிஸ்கட் பேணியை மடியில் வைத்துக்கொண்டு, வைத்திலிங்கம் இருந்த கதிரைக்குக் கிட்ட வந்து, கொஞ்சம் தள்ளி இருந்தாள்.

தைப்பூசத்தன்று ஞானாங்குரத்தில் ஏடு தொடக்கினார்கள். இதன் முறை எளிது. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்புவார்கள். தகப்பன் பிள்ளையை மடியில் வைத்து, அதன் விரலைப் பிடித்து, அரிசியில் 'அ' எழுதுவிப்பார். பிள்ளையின் பள்ளிக்காலம் அந்த எழுத்தோடு தொடங்குகிறது. தகப்பனில்லாத பிள்ளைக்குச் சபைத் தலைவர் எழுதுவிப்பார். இந்த ஏற்பாடு பாடசாலை தொடங்கிய காலம் முதல் விதியில் இருந்தும் பயன்படாமல் கிடந்ததால், அம்பலவாணர் அன்று புதுச் சால்வை போட்டு வந்திருந்தார்.

குருநாகலிலிருந்து வந்த தகப்பன்மாரும் மாத்தறையிலிருந்து வந்தவர்களும் ஒவ்வொருவராக இருந்து எழுதுவித்தார்கள். வைத்திலிங்கம் பின்னால், சுண்ணாம்பு அடித்த சுவரோரம் நின்றார். சறோஜினிதேவி தண்ணீர்ச் செம்போடு அவரைக் கடந்து போகும்போது குனிந்து, "அண்ணை, கையைப் பிடிக்கிறது மாமனெண்டாலும் பிழையில்லை. கேளுங்கோவன்," என்றாள். அவர் கேட்கவில்லை. அடுத்த வாரம் உடுக்கவிருந்த பாடசாலைச் சேலையை இராசேஸ்வரி அன்றே உடுத்திக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள்.

அம்பலவாணர் மீனலோசனியை மடியில் தூக்கி வைத்தார். விரலைப் பிடித்தார். எழுத்தின் சுழி பாதி வந்தது. அதற்குள் பிள்ளை விரலை இழுத்தெடுத்து, சுவரோரம் நீட்டியது. விரல் நுனியில் அரிசி ஒட்டியிருந்தது.

"அப்பா!"

"ஆரைப் பிள்ளை கூப்பிடுறாய்?" என்றார் அம்பலவாணர்.

"அந்தா, அப்பா. சுவரிலையிருந்து இறங்கி வந்திட்டார்."

எல்லோரும் திரும்பி வைத்திலிங்கத்தைப் பார்த்தார்கள். தில்லைநாதன் தலையை மிக மெதுவாக இடமும் வலமும் அசைத்தார். பிள்ளை கையை நீட்டியபடியே சிரித்தது. இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஏறும் சிரிப்பு.

வைத்திலிங்கம் திரும்பி, தமக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

பின்னால் யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது. அவர் அந்தச் சுவரை, ஒரு சுவரைப் பார்ப்பதற்குத் தேவையானதைவிட நெடுநேரம் பார்த்தார். திரும்பியபோது பிள்ளையின் கை இன்னும் நீண்டே இருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்து, தானாகவே அம்பலவாணரின் விரல்களுக்குள் போய்ச் சேர்ந்தது.

"மாமா," என்றாள் மீனலோசனி.

அம்பலவாணர் மிச்ச எழுத்தை எழுதுவித்து முடித்தார். அவருடைய முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியளே பெற்றாரே? பிள்ளை எங்கடை பாடசாலைக்கு வந்து இன்னும் அரை மணித்தியாலம் ஆகேல்லை. அதுக்குள்ளை என்னத்தைப் படிச்சிட்டுது எண்டு பாருங்கோ!"

சபை கைதட்டியது. தகப்பன்மார் தட்டினார்கள். சறோஜினிதேவி மட்டும் குனிந்து பாயில் சிந்திய அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வைத்திலிங்கமும் கைதட்டினார்.